இருநூற்றுப் பத்தும் இருநூற்றுப் பதினெட்டும்

மாத்தளை
5.10.1986

அன்புள்ள டொறீன் அக்காவுக்கு,

கிறிஸ்தோபர் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நமக்குள் பேச்சு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பெரியம்மாவிடம் உங்கள் விலாசம் வாங்கவே இரண்டு நாள் போயிற்று. முதல் நாள் தெரியாது என்றார். இரண்டாம் நாள், "எம் மகள கொழும்புக்கு வெரட்டுனது பத்தாதா? இப்ப கடுதாசி போட்டு வேற வதைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஒன்றுவிட்ட தம்பிக்கு இதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி என்று நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நமது எடை ஆய்வுத் திட்டத்தின் மடிக் கம்ப்யூட்டரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடைப்படி அடுக்குவதற்கு நீங்கள் (நாம்) செய்த இயந்திர மொழிப் புரோகிராம் துண்டு இன்னும் ஓடுகிறது. பேசிக் மொழியில் கால் மணி நேரம் பிடிக்கிற வேலை. "கோல் 61000" என்று தட்டினால் இரண்டு விநாடியில் முடிகிறது. டொக்டர் மாணிக்கவாசகம் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டச் சொல்லுவார்.

சென்ற மாதம் 26ஆம் தேதி ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருந்த நேரம், லக்கலையில் ஐந்து வாரமாக எடுத்த 214 பிள்ளைகளின் விபரமும் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்து போயிற்று. லக்கலைக்குப் போய் எடை பார்த்து ஏற்றுவது மஸீனாதான். உங்களுக்கும் அவளைத் தெரியும். பட்டரி மாற்ற மறந்துவிட்டாள். டொக்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மருத்துவிச்சிப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். 'கவனக்குறைவானவர்' என்று கண்டி அலுவலகத்துக்கும் கடிதம் போய்விட்டது. நவம்பர் 14ஆம் தேதி அங்கே பட்டியலை மூடுகிறார்கள். வயதெல்லையால் அவளுக்கு இதுதான் கடைசித் தடவையாம். பாவந்தான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அழிந்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா? மற்றது, அந்தத் துண்டில் இருக்கும் 61 எண்களும் என்னென்ன செய்கின்றன என்று டொக்டர் ஓர் அறிக்கை கேட்கிறார். நீங்கள் விட்டுப்போன தாளில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன. எனக்கு வேலை அதிகம். நீங்கள் எழுதினால் சுருக்கமாக இருக்கும்.

தம்பி,
கிறிஸ்தோபர்

* * *

வெள்ளவத்தை
9.10.1986

தம்பி கிறிஸ்தோபருக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் 'நாம்' என்று போட்டிருந்தாய் பார், அதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் கிழிக்க மறந்துவிட்டேன். புரோகிராமின் முதல் வரியில் 'ஜே. கிறிஸ்தோபர் எழுதியது' என்று போட்டபோது இந்த 'நாம்' எங்கே போயிருந்தது? இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. எண்பத்து மூன்றில் அப்பாவின் கடை எரிந்ததும், எங்கள் வீட்டில் அந்த வேலை யாருக்கு அவசியம் என்பதும் உனக்குத் தெரியாததல்ல. சரி, அதை விடுகிறேன். விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தில் மட்டும் விடுகிறேன்.

அழிந்தது திரும்பாது. முதலாவது கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

இரண்டாவதை உனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். தோட்டத்தில் துரை ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, கணக்கப்பிள்ளை அதைத் தமிழாக்கிச் சொல்ல, பிறகுதான் ஆட்கள் வேலை தொடங்குவார்கள். பேசிக் அந்தக் கணக்கப்பிள்ளை. அதனால்தான் அவ்வளவு மெதுவு. இயந்திர மொழி என்பது ஆட்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசுவது. எண்களை ஒவ்வொன்றாக நினைவகத்தின் மேல் மூலையில் வைத்துவிட்டு, 'கோல்' என்று அந்த இடத்தைக் கூப்பிட்டால் கணக்கப்பிள்ளை ஒதுங்கிக்கொள்வான். கடைசி எண் 201. அது வந்தால்தான் பேச்சு மறுபடி பேசிக்கிடம் வரும். அதுவரை நீ பிரேக் பொத்தானை அமத்தினாலும் சரி, மேசையில் குத்தினாலும் சரி, அதற்குக் காது கேட்காது.

இப்போது என் முறை. மஸீனா பட்டரி மாற்ற மறந்தாள் என்கிறாய். வெளியே போடுகிற நாலு பட்டரியும் செத்தாலும், உள்ளே ஒரு சின்னப் பட்டரி இருக்கிறது, அது ஒரு வாரமாவது நினைவைக் காப்பாற்றும். மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது, நீ படித்திருக்க மாட்டாய். ஆகவே கேட்கிறேன். மஸீனா மெஷினை உன்னிடம் கொடுத்தது எப்போது? அழிந்த பிறகு திரையில் என்ன தேதி இருந்தது? 61 எண்களில் எதையாவது தொட்டாயா?

கடை எரிந்து நாங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கிடந்தபோது, யட்டவத்தையிலிருந்து சோற்றுப் பார்சல்களோடு வந்தவர்கள் மஸீனாவும் அவள் வாப்பா முத்தலிப் நானாவும். அந்தப் பெண் ஒரு மூடியைக்கூடச் சரியாகப் பூட்டாமல் வைக்க மாட்டாள். மூன்றுக்கும் பதில் வந்தால் அறிக்கை வரும்.

டொறீன்

* * *

மாத்தளை
14.10.1986

அன்புள்ள அக்கா,

செக் பொயின்டில் ஆமிக்காரன் கேட்பது போல் கேட்கிறீர்கள். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

மஸீனா வியாழன் பின்னேரம் லக்கலையிலிருந்து வந்தாள். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அவளுடைய பெட்டியைத் திறந்து, வயரைக் கண்டுவிட்டு, அரை மணி நேரம் வைத்திருந்தார்களாம். சிங்களத்தில் பேசிச் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெள்ளி காலை என் கையில் தந்தாள். அப்போது பட்டரி குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை.

அழிந்த பிறகு திரையில் 1900 ஜனவரி 1 என்று இருந்தது.

எண்களில் ஒன்றே ஒன்றைத்தான் தொட்டேன். விருந்தாளிகளில் ஒருவர், எடை கூடிய பிள்ளை முதலில் வருகிற மாதிரி காட்ட முடியுமா என்று கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். 'ஒரு நிமிசம்' என்றேன். 210க்கு எதிர் 218 என்று நீங்கள் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. மாற்றினேன். பத்துப் பிள்ளைகளின் மாதிரிப் பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன், அழகாக வந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். பிறகு லக்கலைப் பட்டியலைப் போட்டுக் கோல் கொடுத்தேன். நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏதோ செய்து சரிப்படுத்தப் பார்த்தேன், அதற்குள் எல்லாம் போய்விட்டது. டொக்டர், "என்ன நடந்திச்சு?" என்று கேட்டார். சிவப்பு விளக்கு கண் முன்னாலேயே இருந்தது. "பட்டரி மாத்தல்ல போல, சேர்" என்று வாயில் வந்தது. நான் சொன்னது அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் டொக்டரின் தீர்மானம்.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள், உங்கள் துண்டு ஒழுங்கானதாக இருந்தால் ஏன் இப்படி நிற்க வேண்டும்?

வாரா வாரம் கசட்டில் பிரதி எடுத்தாயா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். எடுக்கவில்லை. ரெக்கோடர் ஐந்து வாரமாக என் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்தோபர்

* * *

வெள்ளவத்தை
18.10.1986

கிறிஸ்தோபர்,

'ஏதோ செய்து' என்று எழுதியிருக்கிறாயே, அந்த 'ஏதோ' என்னவென்று நான் சொல்லட்டுமா?

முதலில் ஏன் நின்றது என்று கேட்டாயே. லக்கலைப் பட்டியலில் எடை சமமான பிள்ளைகள் இருந்திருப்பார்கள், 214 பேரில் இல்லாமல் இருக்குமா? 210 இருந்தால் சமமானவர்களைத் தொடாமல் விட்டுவிடும். 218 போட்டால் சமமானவர்களையும் இடம் மாற்றும். மாற்றிவிட்டு, 'மாற்றம் நடந்திருக்கிறது, இன்னொரு சுற்றுப் பார்' என்று திரும்ப வரும். திரும்பவும் மாற்றும். பதினொரு கிலோ உள்ள இரண்டு பிள்ளைகள் உலகம் முடியுமட்டும் ஒருவர் இடத்தில் ஒருவர் மாறி மாறி உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். 201க்கு வேலையே வராது. உன் மாதிரிப் பட்டியலில் பத்துப் பேருக்கும் பத்து எடை, அதனால்தான் கை தட்டு வாங்கினாய்.

ஆனால் அதில் எதுவும் அழியவில்லை, தம்பி. பிள்ளைகளின் விபரம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. பின்பக்கத்தில் இருக்கிற சின்னப் பொத்தானை ஒரு தடவை அமத்தியிருந்தால் மெஷின் விழித்துக்கொண்டிருக்கும், 214 பேரும் அப்படியே இருந்திருப்பார்கள்.

1900 ஜனவரி 1 என்று வந்தது என்றால் நீ அந்தப் பொத்தானை மட்டும் அமத்தவில்லை. கொன்ட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதை அமத்தினாய். மெஷினைப் பிறந்த மேனியாக்குகிற வேலை அது. தவறிக் கை பட்டு நடக்கக்கூடாது என்றுதான் அதற்கு இரண்டு கையும் மூன்று விரலும் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். திரை சுத்தமாக வரவேண்டும், கைக்கடிகாரம் பார்த்தவர் உன்னைக் குறைவாக நினைக்கக்கூடாது, அவ்வளவுதானே? 214 பிள்ளைகளையும் அழித்தது உன் விரல். பிறகு ஒரு பெண்ணையும் அழித்தது உன் வாய்.

அவள் வீட்டுக்குப் போ. டொக்டரிடம் போவதற்கு முன் அவளிடம் போ. யட்டவத்தைச் சந்தையில் மிளகுக்கடை முத்தலிப் என்று கேட்டால் காட்டுவார்கள். நவம்பர் 14க்கு இன்னும் நாலு கிழமை இல்லை.

அறிக்கையை மறந்துவிடு.

டொறீன்

* * *

மாத்தளை
27.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. மூன்று விரல். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர் எழுதியது போல் இருந்தது.

போனேன். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சந்தைக்குப் பின்னால் வீடு. முத்தலிப் நானா கதிரையை எடுத்துப் போட்டு, தோளில் கிடந்த துவாயால் அதைத் துடைத்தும் விட்டார். மஸீனா உள்ளேயிருந்து வந்து நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் திறந்துவிட்டாள்.

"சேர், நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். சிவப்பு வெளக்கு எரியக் கண்டதும் வர்ற வழியில நாவுலயிலேயே புதுப் பட்டரி வாங்கிப் போட்டேன். ஆனா திரும்பவும் எரிஞ்சிருக்கே. தலமாறிப் போட்டுட்டேனோ என்னமோ. ஒரு மாசமா நித்திர இல்ல சேர். என்னால உங்களுக்கும் பேச்சு வந்திருக்கும். மன்னிச்சிக்கோங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அக்கா. தலைமாறிப் போட்டால் மெஷின் வேலையே செய்யாது என்பது எனக்குத் தெரியும். கடைக்காரன் பழைய பட்டரியை அவள் தலையில் கட்டியிருப்பான், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். நான் 'பரவாயில்ல' என்றேன். பரவாயில்லையாம்! பெருந்தன்மை பொங்க அப்படிச் சொன்னேன்.

பிறகு அவள் உள்ளே போய் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தாள். லக்கலைப் பிள்ளைகள் 214 பேரும் அதில் இருக்கிறார்கள். பெயர், தாயின் பெயர், வயது, எடை. ஓரத்தில் 'சேனைப் பயிரை யானை தின்றுவிட்டது, வீட்டில் குரக்கன் கஞ்சி மட்டும்' என்பது போலக் குறிப்புகள். எழுத்து அச்சடித்தது போல் இருக்கிறது.

"இது இருக்குன்னு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"பிள்ளைகள்ட வெபரத்த வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாதுன்னு சட்டம்தானே சேர். தெரிஞ்சா அதுக்கும் பேசுவாங்கன்னு பயந்தேன். நீங்களும் பட்டரியப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க. கொண்டு போங்க சேர். அந்தத் தாய்மார் திரும்பவும் பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஆறு மைல் நடக்கக்கூடாது."

கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைப்பீர்கள். தயவுசெய்து வையாதீர்கள், இன்னும் இருக்கிறது.

மூன்று நாள் உட்கார்ந்து 214 பேரையும் தட்டி ஏற்றினேன். டொக்டருக்குக் காட்டினேன். டொக்டர் எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். "மெஷின் லாங்குவேஜ்ல தோண்டி எடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கே விருந்தாளிகளுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதில் என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. பியோன் மாடசாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சேர் மாதிரி மூளகாரங்க இருக்கிறது நமக்கெல்லாம் பெரும" என்றான். அந்தத் தேத்தண்ணி மேசையிலேயே ஆறிப் போயிற்று.

விபரம் திரும்பக் கிடைத்துவிட்டதால் மஸீனாவை மன்னிக்கலாமா என்று டொக்டரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "உங்கட கெட்டித்தனத்தால அவட பிழை இல்லாமப் போயிருமா?" என்றார்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யக் கூசுகிறது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறேன், வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன். இப்படியே பழகிவிடும் போலவும் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கிறிஸ்தோபர்

* * *

வெள்ளவத்தை
31.10.1986

கிறிஸ்தோபர்,

உன் கடிதத்தைக் கீழே வைக்கவில்லை. எறிந்தேன். அறையில் கூட இருக்கிற பெண் எடுத்து மடித்துத் தந்தாள்.

உன்னைத் திட்டுவதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். எச்சில் சோறு திருடியவன், பிச்சைக்காரி தட்டில் கை வைத்தவன் என்றெல்லாம் வந்தது. நன்றாகத்தான் வந்தது. பிறகு அதைக் கிழித்துவிட்டேன். காரணம் இருக்கிறது, அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். எழுதாமல் தள்ளிப்போட்டு இன்றோடு மூன்று வாரம்.

உன்னிடம் இருக்கிற தாளில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். நான் அப்படி எழுதவில்லை. 61 எண்களுக்கும் பக்கத்தில் பென்சிலால் விளக்கம் எழுதியிருந்தேன். 210க்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தது இது: 'இதை 218 ஆக்கக் கூடாது. சம எடை வந்தால் முடியாது. தலைகீழாக அடுக்க வேண்டுமானால் இதைத் தொடாமல் மேலே உள்ள இரண்டு எண்களை மாற்று. நின்றுவிட்டால் பின்பக்கப் பொத்தான் மட்டும்.'

முதல் வரியில் உன் பெயரைக் கண்ட அன்று நான் அழிறப்பரை எடுத்தேன். ஒவ்வொரு விளக்கமாக அழித்தேன். சிவப்புப் பென்சில் சுலபத்தில் போகாது, தாள் தேய்ந்து மெலியும்வரை தேய்த்தேன். நீ ஒரு நாள் நாலு பேர் முன்னால் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், பிறகு என்னைத் தேடிவர வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன். செபமாலை சொல்லும்போதுகூட அந்த நினைப்பு வந்தது. கேட்டது அப்படியே கிடைத்தது. உன் முதல் கடிதம் வந்த அன்று, மாட்டிக்கொண்டான் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மஸீனா என்ற பெயரைப் படிக்கும்வரை.

நீ பெயரைத் திருடினாய், நான் எச்சரிக்கையை அழித்தேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற பெண்ணின் தலையில் அது விழுந்தது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இதோடு டொக்டருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நான் செய்ததை மட்டும் அதில் எழுதியிருக்கிறேன். நீ செய்ததை எழுதவில்லை. அது உன் வேலை, அதை நான் செய்தால் நீ மறுபடியும் என்னுடையதை உன்னுடையது என்று கொண்டு போனதாகிவிடும். உறை ஒட்டவில்லை. கொடுக்கிறதும் அடுப்பில் போடுகிறதும் உன் கையில்.

பழகிவிடும் போல இருக்கிறது என்று எழுதினாயே, உண்மைதான், பழகிவிடும். எனக்கு ஒன்றரை வருடத்தில் பழகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், பழக விடாதே.

அக்கா

* * *

மாத்தளை
15.11.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் மூன்றாம் தேதியே கிடைத்தது. பத்து நாள் சட்டைப்பையில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் டொக்டரின் கதவுவரை போனேன். ஒரு நாள் அவர் போனில் இருந்தார், ஒரு நாள் ஆட்கள் இருந்தார்கள், ஒரு நாள் தலைவலி என்றார். மற்ற நாட்களில் ஒரு காரணமும் இல்லை. சும்மா திரும்பி வந்தேன்.

நேற்று முன்தினம் வியாழன். அடுத்த நாள் பட்டியல் மூடப்படும் என்பதால் அதற்குமேல் தள்ளிப்போட நாளில்லை. உள்ளே போய், உட்காராமலே, உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என்னுடையதைச் சொல்லத் தொடங்கினேன். தொடங்கினால்தான் முடிப்பேன் என்று தெரியும். மூன்று விரல், பட்டரி, கொப்பி, புரோகிராமின் முதல் வரி, எல்லாம். முதல் வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ள என்னட்ட வந்து அழுதிச்சு. நான் நிமிந்துகூடப் பாக்கல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு தானே டைப்ரைட்டரில் உட்கார்ந்து இரண்டு விரலால் ஒரு கடிதம் அடித்தார். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் மஸீனாவைப் பூரணமாகச் சிபாரிசு செய்வதாகவும். "தபால்ல போட நேரமில்ல. நீங்களே கண்டிக்குக் கொண்டு போங்க. திங்கக்கிழம வந்து சாவியக் குடுங்க" என்றார். உங்களுக்குத் தனியாக எழுதுவாராம்.

வெள்ளி காலை பஸ் ஏறினேன். அக்குறணைக்கு இப்பால் சோதனைக்கு எல்லாரையும் இறக்கி, வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். அலுவலகத்துக்குப் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. கவுன்டரில் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குள் மஸீனாவும் முத்தலிப் நானாவும் நின்றார்கள். பயிற்சி இல்லை என்றான பிறகு, கொடுத்த சான்றிதழ்களைத் திருப்பி வாங்க வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் நானா, "சேரும் வந்திருக்கீங்களா? சேருக்கு எடம் விடு மக" என்று வரிசையில் தங்களுக்கு முன்னால் எனக்கு வழிவிட்டார். அவர்களைத் தாண்டிப் போய்க் கடிதத்தை நீட்டினேன்.

கிளாக் பெண்மணி வாசித்தார். பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து, மஸீனாவின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் இருந்ததைக் கண்டுபிடித்தார். முதல் கடிதத்தை ரத்துச் செய்வதென்றால் காரணம் பதிய வேண்டும் என்றார். டொக்டர் காரணம் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் அந்தச் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்மணிக்கு என்னைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். பேனையைப் பிடித்தபடி சிங்களத்தில், "வெரதீமக்த?" என்று கேட்டார். தவறுதலா என்று. ஆம் என்று தலையாட்டினால் போதும். தவறுதல் என்று எழுதிக்கொண்டு முத்திரை குத்திவிடுவார். மஸீனாவுக்கும் இடம் கிடைத்துவிடும், ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. அக்கா, தலை ஆடத் தொடங்கியதுகூட எனக்குத் தெரிந்தது.

"நே, மிஸ்" என்றேன். "பொரு. மம பொரு கிவ்வா."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "மொக்கத?" என்றார். மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை சத்தமாகவே வந்துவிட்டது. "பட்டரி மாத்தல்லன்னு நான் சொன்னது பொய். அழிச்சது நான்தான்" என்று தமிழிலும் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் 'பொய் முறைப்பாடு' என்று சிங்களத்தில் எழுதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். பட்டியலில் மஸீனாவின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புக் கோட்டுக்கு மேல் முத்திரை விழுந்தது. ஜனவரியில் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

நான் திரும்பினேன். முத்தலிப் நானா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஸீனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்பாள், கொப்பியைப் பற்றிக் கேட்பாள், காறித் துப்புவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"அப்ப நான் பட்டரிய ஒழுங்காத்தான் போட்டிருந்தேனா?" என்று கேட்டாள்.

"ஒழுங்காத்தான் போட்டிருந்தீங்க" என்றேன். இத்தனை நாளும் நான் அவளை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறேன்.

அவள் முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு, கவுன்டருக்குப் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்து அழுதாள். வேலை போன அன்று அலுவலகத்தில் அழுதபோது நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். நேற்று அவள் அழுது முடியும்வரை அங்கேயே நின்றேன்.

தம்பி